பல மொழி, பல வழக்கம் உள்ள கிராமங்களில் கர்ப்பகாலப் பராமரிப்பு: ஊருக்குள் கொண்டுபோவது எப்படி?

#1 வரப்போரம்

வணக்கம். கர்ப்பிணிப் பெண்களுக்காக வேலை செய்யும் ஒரு சிறிய தொண்டு அமைப்பில் களப்பணியை ஒருங்கிணைப்பது என் பொறுப்பு. நாங்கள் எடுத்திருக்கும் கிராமங்களில் மக்கள் ஒரே மாதிரி இல்லை. நிலம் வைத்திருக்கும் பழைய குடும்பங்கள் ஒரு பக்கம். தனி மொழி பேசும் மலைக்குடிகள் ஒரு பக்கம். அறுவடைக்கு வந்து சில மாதம் தங்கிப் போகும் கூலிக் குடும்பங்கள் இன்னொரு பக்கம். சுகாதார நிலையம் தூரம். பலர் ஐந்தாம் மாதம், ஆறாம் மாதம் ஆன பிறகே முதல் பரிசோதனைக்கு வருகிறார்கள். சிலர் வலி கண்ட பிறகுதான் வருகிறார்கள்.

என் திட்டம் இது. ஒவ்வொரு சமூகத்தின் நம்பிக்கை, விலக்கு, பேறுகால வழக்கம் எல்லாவற்றையும் தொகுத்துக் களப்பணியாளர்களுக்கு ஒரு கையேடு தயாரிப்பது. அதைப் படித்துவிட்டு அவர்கள் வீடு வீடாகப் போய்ப் படம் காட்டி விளக்குவார்கள். இப்படிக் கையேடு செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? என்னென்ன தலைப்புகள் வைக்கலாம்?

#2 தாதியம்மா

தம்பியா தங்கையா தெரியவில்லை, தம்பி என்றே வைத்துக்கொள்கிறேன். கையேடு வேண்டாம் தம்பி. எத்தனையோ வருடம் மருத்துவிச்சியாக வேலை பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்.

கையேட்டில் "இந்தச் சமூகத்துப் பெண்கள் ஆண் டாக்டரிடம் போகமாட்டார்கள்" என்று ஒரு வரி இருக்கும். அதைப் படித்த பணியாளர், டாக்டரிடம் போகலாமா என்று கேட்கவே மாட்டார். போகத் தயாராக இருந்தவள்கூடப் போகாமல் நின்றுவிடுவாள். ஒரே தெருவில், ஒரே சாதியில், ஒரே வீட்டில் இருக்கும் இரண்டு மருமகள்கள் இரண்டு விதமாக யோசிப்பார்கள். கையேட்டுக்கு அது எங்கே தெரியப்போகிறது?

பணியாளர்களுக்குக் கேட்கச் சொல்லிக்கொடுங்கள், அது போதும். போன பிரசவம் எப்படி நடந்தது? இந்த முறை எதை நினைத்தால் பயமாக இருக்கிறது? வீட்டில் யார் சரி என்று சொன்னால் கிளம்ப முடியும்? பிரசவ நேரத்தில் பக்கத்தில் யார் இருக்கவேண்டும்? இந்த நான்குக்கும் பதில் வந்தால் பாதி வேலை முடிந்தது.

கேட்பதிலும் ஒரு விதம் இருக்கிறது. "இரும்புச்சத்து மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். "அட்டையை எடுத்துட்டு வாங்க, எத்தனை மிச்சம் இருக்குன்னு பார்ப்போம், எந்த நேரத்துல சாப்பிட்டா வயிறு புரட்டுது?" என்று கேளுங்கள். அப்போதுதான் உண்மை வரும். மலம் கறுப்பாகப் போனதால் பயந்து நிறுத்தியிருப்பாள். பிள்ளை பெரிதாகிப் பிரசவம் கஷ்டமாகிவிடும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். டீயோடு சேர்த்து விழுங்கிக்கொண்டிருப்பாள், டீ அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாது. காரணம் ஒவ்வொருத்திக்கும் வேறு, அதனால் சொல்லவேண்டிய பதிலும் வேறு. கறுப்பு மலத்துக்குப் பயந்தவளிடம் டீயைப் பற்றிப் பேசி என்ன பயன்?

#3 இரவுப்பணி

நான் மகப்பேறு மருத்துவர். தாதியம்மா சொன்னதில் தப்பில்லை. ஆனால் இந்த மாதிரி விவாதங்களில் பேச்சு, பண்பாடு, நம்பிக்கை என்றே போய், கடைசியில் பிபி மெஷின் யார் கையிலும் இல்லாமல் போய்விடுகிறது. அதனால் கொஞ்சம் கடுமையாகவே எழுதுகிறேன்.

உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டில் 2023இல் மட்டும் சுமார் 2,60,000 பெண்கள் கர்ப்பத்தாலோ பிரசவத்தாலோ இறந்தார்கள். ஒரு நாளைக்கு 700 பேருக்கு மேல். ரத்தப்போக்கும் உயர் ரத்த அழுத்தமும்தான் முன்னணிக் காரணங்கள். இதில் ரத்த அழுத்தம் எப்படிப்பட்டது தெரியுமா? 20 வாரத்துக்குப் பிறகு 140/90 தாண்டும்போது பெண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. சமைப்பாள், வயலுக்குப் போவாள். தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி என்று அவளுக்கே தெரியும்போது நேரம் கடந்திருக்கும், அடுத்தது வலிப்பு. படம் காட்டி விளக்கி இதைக் கண்டுபிடிக்க முடியாது. கையில் பட்டையைக் கட்டி அளந்தால்தான் தெரியும்.

2002 முதல் உலக சுகாதார அமைப்பு சொல்லிவந்தது நான்கு பரிசோதனை. 2016இல் அதை எட்டாக்கியது: 12 வாரத்துக்குள் ஒன்று, பிறகு 20, 26, 30, 34, 36, 38, 40ஆம் வாரங்களில். கடைசி மூன்று மாதத்தில் மட்டும் ஐந்து ஏன் என்று யோசியுங்கள். ரத்த அழுத்தம் ஏறுவதும் பிள்ளையின் வளர்ச்சி நிற்பதும் பெரும்பாலும் அப்போதுதான்.

ஆறாம் மாதத்தில் முதல் முறையாக வருகிறவர்களுக்கு என்ன இழப்பு என்றும் சொல்கிறேன். முன்பு ரத்த அழுத்தம் ஏறிய பெண்ணுக்கும் வேறு ஆபத்து அடையாளம் உள்ளவளுக்கும் தினம் 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுக்கலாம். அதை 20 வாரத்துக்கு முன்பே தொடங்கவேண்டும். ஸ்கேனை 24 வாரத்துக்குள் எடுத்தால்தான் பிரசவத் தேதியை நம்பலாம். சிபிலிஸ் இருந்தால் சீக்கிரம் ஊசி போட்டால்தான் பிள்ளைக்குப் போகாது. இதெல்லாம் தவறிப்போகிறது.

ஆகவே என் கேள்வி ஒன்றுதான். உங்கள் களப்பணியாளர் பையில் பிபி மெஷின், ஹீமோகுளோபின் பார்க்கும் வசதி, சிறுநீரில் புரதம் பார்க்கும் பட்டை மூன்றும் இருக்கிறதா?

#4 கணக்குப்பிள்ளை

டாக்டர் சார் சொல்வதும் தாதியம்மா சொல்வதும் முட்டிக்கொள்வது போலத் தெரிகிறது. ஆய்வுகளைப் பார்த்தால் அப்படி இல்லை. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

1990களில் பொலிவியாவின் இன்கிசிவி மாகாணத்தில் வார்மி என்ற திட்டம் நடந்தது. அய்மாரா மொழி பேசும் பெண்கள் அதிகம் உள்ள, சாலை வசதி குறைந்த மலைப்பகுதி. அங்கே யாரும் பாடம் நடத்தவில்லை. பெண்கள் குழுவாக உட்கார்ந்து, தங்கள் ஊரில் தாயும் பிள்ளையும் ஏன் சாகிறார்கள் என்று தாங்களே பட்டியலிட்டார்கள். எதை முதலில் தீர்ப்பது என்றும் தாங்களே முடிவுசெய்தார்கள். அதைப் பார்த்து நேபாளத்தின் மக்வான்பூரில் பெரிய அளவில் ஆய்வாகச் செய்தார்கள். உள்ளூர்ப் பெண் ஒருவர் மாதம் ஒரு கூட்டம் நடத்துவார், அவருக்கு மருத்துவப் படிப்பு கிடையாது. முடிவு 2004இல் வந்தது: பிறந்து ஒரு மாதத்துக்குள் நேரும் சிசு இறப்பு 30 சதவீதம் குறைந்தது (கீழே சொல்லும் ஆய்வுகளிலும் சிசு இறப்பு என்றால் இதுதான்). 2010இல் ஜார்க்கண்ட், ஒடிசா ஆய்வு வந்தது. ஏக்ஜுட் அமைப்பு நடத்தியது, பழங்குடி மக்கள் அதிகம் உள்ள மாவட்டங்கள். இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் சிசு இறப்பு 45 சதவீதம் குறைவு. மூன்றாம் ஆண்டில் தாய்மார்களின் மிதமான மனச்சோர்வும் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. அதை யாரும் தனியாகச் சிகிச்சை கொடுத்துக் குறைக்கவில்லை.

எல்லா இடத்திலும் இப்படி நடந்துவிடவில்லை. அதே முறையை வங்கதேசத்தில் முதலில் செய்தபோது பலனே இல்லை. காரணம், சுமார் 1,400 பேருக்கு ஒரு குழு. கர்ப்பிணிகளில் மிகச் சிலரே வந்தார்கள். பிறகு 300 பேருக்கு ஒரு குழு என்று நெருக்கமாக வைத்துத் திரும்பச் செய்தார்கள். சிசு இறப்பு 38 சதவீதம் குறைந்தது. 2013இல் ஏழு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் இதேதான்: கர்ப்பிணிகளில் குறைந்தது 30 சதவீதம் பேர் கலந்துகொண்ட இடங்களில் சிசு இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

இப்போது டாக்டர் சாருக்கு. பிபி மெஷினைக் களப்பணியாளர் கையில் கொடுத்தும் பார்த்துவிட்டார்கள். இந்தியா, பாகிஸ்தான், மொசாம்பிக் மூன்று நாட்டிலும் நடந்த கிளிப் ஆய்வு அது, 2020இல் முடிவு வந்தது. ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் தெளிவான பலன் இல்லை. எட்டு முறையோ அதற்கு மேலோ சந்திக்கப்பட்ட பெண்களைத் தனியாகப் பார்த்தால்தான் நல்ல மாற்றம் தெரிந்தது.

நான் புரிந்துகொண்டது: குழுவானாலும் கருவியானாலும், அங்கொன்றும் இங்கொன்றுமாக வைத்தால் கணக்கில் வராது.

#5 இரவுப்பணி

கிளிப் ஆய்வை இழுப்பீர்கள் என்று எதிர்பார்த்தேன். அளந்தபிறகு அனுப்பிய இடத்தில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் மெக்னீசியம் சல்ஃபேட் இல்லையென்றால் ஊரில் எத்தனை முறை அளந்தும் பிரயோசனமில்லை. அந்த மருந்து வலிப்பு வரும் ஆபத்தைப் பாதியாகக் குறைக்கும் என்று 2002இலேயே மேக்பை ஆய்வு காட்டிவிட்டது. விலையும் குறைவு.

மற்றபடி "எட்டுச் சந்திப்பு" என்ற இடத்தில் நாம் ஒத்துப்போகிறோம்.

#6 வெளியூர்க்காரி

நான் மருத்துவம் படித்தவள் இல்லை. வேலைக்காக வேற்றுமொழி ஊருக்குப் போய் அங்கே பிள்ளை பெற்றவள். ஒன்று சொல்லலாமா?

ஒவ்வொரு பரிசோதனைக்கும் கணவரின் தம்பிதான் கூட வருவார், அவருக்குத்தான் அந்த ஊர் மொழி தெரியும். செவிலியர் நீளமாக ஏதோ கேட்பார். கொழுந்தன் என்னிடம் "நல்லா இருக்கீங்களான்னு கேக்குறாங்க" என்பார். நான் "நல்லா இருக்கேன்" என்பேன். எனக்கு அப்போது லேசாக ரத்தம் பட்டுக்கொண்டிருந்தது. அதைக் கொழுந்தனிடம் எப்படிச் சொல்வது? செவிலியர் அதைத்தான் கேட்டாரா, கேட்டதைத் தம்பி கூச்சத்தில் விட்டுவிட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர்மேல் கோபம் இல்லை, சின்னப் பையன்.

அப்புறம் அட்டை. ஏழாம் மாதத்தில் வேலை வேறு ஊருக்கு மாறியது. பழைய இடத்தில் எழுதியதெல்லாம் அவர்கள் நோட்டிலேயே இருந்தது. என் கையில் ஒரு சீட்டுதான், அதிலும் தேதி மட்டும். புது இடத்தில் எல்லா ரத்தப் பரிசோதனையும் முதலிலிருந்து. "ஏன் இத்தனை நாள் எங்கும் காட்டவில்லை?" என்று திட்டு வேறு வாங்கினேன்.

எங்கள் வழக்கம் என்ன என்று யாரும் என்னிடம் கேட்கவேண்டியிருந்ததில்லை. நான் சொல்வது அவர்களுக்கு நேராகப் போயிருந்தால் போதும்.

#7 தாதியம்மா

வெளியூர்க்காரி, எழுதியதற்கு நன்றிம்மா. இதைத்தான் எந்தப் பயிற்சியிலும் சரியாகச் சொல்லிக்கொடுப்பதில்லை.

வரப்போரம், குறித்துக்கொள்ளுங்கள். வீட்டு ஆட்கள் கூட வரட்டும், தடுக்காதீர்கள். மாமியாரை வெளியே நிறுத்தினால் அடுத்த முறை மருமகளையும் அனுப்பமாட்டார். ஆனால் ஒவ்வொரு சந்திப்பிலும் அந்தப் பெண்ணோடு தனியாக ஐந்து நிமிடம் கிடைக்கும்படி வேலையை அமைத்துக்கொள்ளுங்கள். "சிறுநீர் எடுக்கணும், வாங்க" என்று டப்பாவைக் கையில் கொடுத்துக் கூட்டிப்போனால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். ரத்தம் படுகிறதா, வீட்டில் யாராவது கை நீட்டுகிறார்களா, இந்தப் பிள்ளை வேண்டும் என்று நினைத்துத்தான் உண்டானதா, எல்லாம் அந்த நேரத்தில் கேட்கவேண்டியவை. அடி உதை பற்றி மற்றவர் காதுபடக் கேட்கவே கூடாது. அன்று ராத்திரி அதற்கே அவள் அடி வாங்குவாள்.

மொழிக்கு வீட்டு ஆளை நம்பவேண்டாம். குழந்தைகளை வைத்து மொழிபெயர்க்கச் சொல்வதை அறவே நிறுத்துங்கள். அந்த மொழி பேசும் பெண் ஒருவரைச் சம்பளத்துக்கு வையுங்கள். நேரில் வரமுடியாவிட்டால் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசவைக்கலாம். சொன்னது புரிந்ததா என்று பார்க்க "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். "தலைவலியும் கண் மங்கலும் வந்தா என்ன செய்வீங்க, சொல்லுங்க பார்ப்போம்" என்று அவளையே சொல்லவையுங்கள்.

அட்டையை எப்போதும் பெண்ணின் கையிலேயே கொடுத்துவிடுவது நல்லது. இடம் மாறும் குடும்பங்களுக்கு இதைவிட முக்கியமானது வேறில்லை. உலக சுகாதார அமைப்பின் 2016 பரிந்துரையிலும் அது இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் படக்குறி போட்டுவிடலாம்.

#8 பழையவழி

எல்லாரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். ஊரில் பிரசவம் பார்த்துவந்த பாட்டிமார்கள் எங்கே போனார்கள்? அவர்களுக்கு மொழி தெரியும், வீடு தெரியும், ஒருவரும் அவர்களுக்குப் பயப்படமாட்டார்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள் அவர்களை ஒதுக்கிவைத்துவிட்டு, இப்போது "மக்கள் ஏன் வரவில்லை" என்று கேட்பது வேடிக்கை.

#9 இரவுப்பணி

மரியாதை இருக்கிறது. ஆனால் பிரசவத்துக்குப் பின் ரத்தம் கொட்டும்போது பாட்டியின் கையில் என்ன இருக்கும்? அதை நிறுத்தக் குறைந்தது, கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசின் ஊசி வேண்டும், ரத்தம் ஏற்ற வழி வேண்டும்.

#10 கணக்குப்பிள்ளை

இரண்டு பேரும் பாதி சரி. 1970களிலிருந்து பல நாடுகளில் பாட்டிமார்களுக்குப் பயிற்சி மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். தாய் இறப்பு எதிர்பார்த்தபடி குறையவில்லை. 1990களின் இறுதியில் உலக அளவில் கொள்கை பயிற்சி பெற்ற மருத்துவிச்சி, மருத்துவர் பக்கம் திரும்பியது அதனால்தான். ஆனால் பாகிஸ்தானின் லர்கானாவில் செய்த ஆய்வைப் பாருங்கள், 2005இல் வெளியானது. பாட்டிமார்களுக்குப் பயிற்சியும் சுத்தமான பிரசவப் பொருள்களும் கொடுத்து, அரசு சுகாதாரப் பணிப்பெண்களோடு இணைத்துவிட்டார்கள். பிறக்கும் தறுவாயிலும் பிறந்த முதல் வாரத்திலும் நேரும் சிசு இறப்பு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்தது. இணைப்புதான் வித்தியாசம்.

ஆஸ்பத்திரி தன்னை மாற்றிக்கொண்ட கதையும் இருக்கிறது. பெருவின் அயகுச்சோ பகுதியில் கெச்சுவா மொழி பேசும் பெண்கள் சுகாதார நிலையத்துக்கே வரமாட்டார்கள். காரணம் கேட்டார்கள்: படுக்கவைத்துப் பிரசவம் பார்க்கிறார்கள், குளிர்கிறது, வீட்டு ஆளை உள்ளே விடுவதில்லை, நம் மொழி பேசுவாரில்லை, நஞ்சுக்கொடியைத் தருவதில்லை. அந்தப் பகுதியின் சான்டிலியானாவில் அதையெல்லாம் மாற்றினார்கள். பிடித்துக்கொள்ளக் கயிறு, உட்கார்ந்தபடி பெறக் குட்டை இருக்கை, கணவனும் உறவும் கூட இருக்கலாம், கெச்சுவா பேசும் பணியாளர். 1999இல் 100க்கு 6 பிரசவம் நிலையத்தில் நடந்தது. 2007இல் 83. ஒரு பெண்ணிடமும் "உன் நம்பிக்கையை மாற்று" என்று சொல்லவேண்டியிருக்கவில்லை.

கனடாவின் வடக்கே நுனாவிக்கில் இன்னும் ஒரு படி மேலே. இனுயிட் பெண்களைப் பிரசவத்துக்குப் பல வாரம் முன்பே விமானத்தில் தெற்கே நகரத்துக்கு அனுப்பிவிடுவார்கள். தனியாக, வேற்று மொழி ஊரில், மற்ற பிள்ளைகளை விட்டுவிட்டு. 1986இல் புவிர்னிடுக் ஊரிலேயே பிரசவ மையம் திறந்தார்கள், உள்ளூர்ப் பெண்களையே மருத்துவிச்சிகளாகப் பயிற்றுவித்தார்கள். ஒவ்வொரு கர்ப்பிணியையும் பற்றி ஒரு குழு உட்கார்ந்து பேசி, யாரைத் தெற்கே அனுப்புவது, யார் இங்கேயே பெறலாம் என்று முடிவுசெய்யும். சத்திரசிகிச்சை வசதி பக்கத்தில் கிடையாது. அப்படியும் அது இன்றுவரை நடக்கிறது.

#11 பழையவழி

லர்கானா மாதிரி என்றால் எனக்குச் சம்மதம். பாட்டியை டாக்டர் ஆக்கச் சொல்லவில்லை. யார் உண்டாகியிருக்கிறாள் என்று ஊரில் முதலில் தெரிவது பாட்டிக்குத்தான். 12 வாரத்துக்குள் பதிவு வேண்டும் என்கிறாரே டாக்டர், அது பாட்டியில்லாமல் நடக்காது.

#12 இரவுப்பணி

அந்த வாதம் எடுபடுகிறது.

#13 வரப்போரம்

தம்பிதான் தாதியம்மா. எல்லாருக்கும் நன்றி. கையேட்டைக் கைவிட்டாயிற்று. இப்போது யோசிப்பது: 300, 400 பேருக்கு ஒரு பெண்கள் குழு, மாதம் ஒரு கூட்டம். அதே நாளில் அதே இடத்தில் செவிலியர் வந்து பிபி, ரத்தம், சிறுநீர் பார்ப்பார். இரண்டு சந்தேகம். ஒன்று, மூன்று சமூகத்தையும் ஒரே குழுவில் உட்காரவைப்பதா, தனித்தனியாகவா? இரண்டு, குழு நடத்தும் பெண்கள் தன்னார்வமாகச் செய்யத் தயார் என்கிறார்கள். நம்பலாமா?

#14 கணக்குப்பிள்ளை

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். "குழு" என்று இரண்டு வேறு விஷயங்களைச் சொல்கிறோம். மக்வான்பூர் மாதிரி குழுவில் கர்ப்பிணி மட்டுமில்லை, மாமியார், பிள்ளை பெற்றவர்கள், இனிமேல் பெறப்போகிறவர்கள் எல்லாரும் வருவார்கள். அங்கே பரிசோதனை கிடையாது. ஊர்ப் பிரச்சினையைப் பேசி ஊரே தீர்ப்பது. இன்னொன்று, 1990களில் அமெரிக்காவில் ஷேரன் ஷிண்ட்லர் ரைசிங் என்ற செவிலிய மருத்துவிச்சி தொடங்கிய சென்டரிங் முறை. கிட்டத்தட்ட ஒரே மாதத்தில் பிரசவிக்கப்போகும் 8 முதல் 12 பெண்கள், வட்டமாக உட்கார்ந்து இரண்டு மணி நேரம். தங்கள் எடையையும் பிபியையும் அவர்களே பார்த்து எழுதிக்கொள்வார்கள். அறையின் ஓரத்தில் பாய் போட்டு மருத்துவிச்சி ஒவ்வொருவராக வயிற்றைப் பார்ப்பார். 2007இல் வந்த ஓர் ஆய்வில் குறைப்பிரசவம் 13.8 சதவீதத்திலிருந்து 9.8 ஆனது, பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் அதே பலனைக் காட்டவில்லை. உலக சுகாதார அமைப்பும் 2016இல் முதல் வகையைப் பரிந்துரைத்தது. இரண்டாவதை ஆய்வோடு சேர்த்துச் செய்யச் சொன்னது.

நீங்கள் சொல்வது இரண்டின் கலவை. கெட்ட யோசனை இல்லை. ஆனால் செவிலியர் வரிசையில் நிற்கவைத்துப் பார்க்க ஆரம்பித்தால் பேச்சு செத்துவிடும். பேச்சு முதலில், பரிசோதனை பிறகு என்று வையுங்கள். செவிலியர் வராத மாதத்திலும் கூட்டம் நடக்கவேண்டும்.

#15 தாதியம்மா

ஒரே குழுவா தனியா என்பதை அந்தப் பெண்களிடமே கேளுங்கள் தம்பி. நிலக்காரர் வீட்டுப் பெண் இருக்கும் இடத்தில் அவர்கள் வயலில் கூலி வேலை செய்பவள் வாய் திறப்பாளா என்று யோசித்துப் பாருங்கள். மொழி மட்டும்தான் தடை என்றால் மொழி தெரிந்தவரை வைத்துச் சமாளிக்கலாம். யார் யாருக்கு அடங்கி நடக்கவேண்டும் என்பதுதான் தடை என்றால் தனியாகத் தொடங்குவதே நல்லது. இடமும் அப்படித்தான். நிலக்காரர் வீட்டுத் திண்ணையில் கூட்டம் வைத்தால் மற்றவர்கள் வரமாட்டார்கள், வந்தாலும் ஓரமாக நிற்பார்கள்.

பருவத்துக்கு வரும் குடும்பங்களுக்கு மாதக் கூட்டம் ஒத்துவராது. இரண்டு கூட்டத்துக்குள் போய்விடுவார்கள். அவர்கள் தங்கியிருக்கும் இடத்துக்கே போங்கள், வேலை முடிந்த பிறகு, சாயங்காலம். முதல் சந்திப்பிலேயே அட்டையைக் கொடுத்துவிடுங்கள். அடுத்து எந்த ஊருக்குப் போகிறார்கள் என்று கேட்டு அங்குள்ள பணியாளரின் எண்ணையும் எழுதிக்கொடுங்கள்.

#16 கணக்குப்பிள்ளை

தன்னார்வம் பற்றி: சம்பளம் கொடுங்கள். சமூக சுகாதாரப் பணியாளர்கள் குறித்து உலக சுகாதார அமைப்பு 2018இல் தந்த வழிகாட்டுதலில், வேலைக்கும் நேரத்துக்கும் ஏற்ற ஊதியம் வேண்டும் என்று இருக்கிறது. செய்த காரியத்துக்குத் தக்கபடி மட்டும் பணம் கொடுப்பதையும் அது தவிர்க்கச் சொல்கிறது. ஒரு பிரசவத்துக்கு இவ்வளவு என்று வைத்தால் அந்தப் பிரசவம் மட்டும்தான் நடக்கும். தனியாக உட்கார்ந்து பயத்தைக் கேட்கும் ஐந்து நிமிடத்துக்கு எந்தப் பட்டியலிலும் காசு இருக்காது.

#17 வெளியூர்க்காரி

ஆமாம். எனக்குப் பேச்சுத்துணையாக வந்த அக்காவும் சில மாதத்தில் நின்றுவிட்டார். வீட்டில் "காசில்லாத வேலைக்கு எதுக்கு அலையிற?" என்றார்களாம்.

#18 இரவுப்பணி

ஊரை விட்டுக் கிளம்புவதைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. தாடியஸ், மெய்ன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1994இல் எழுதிய மூன்று தாமதங்கள் இன்றும் அப்படியே இருக்கின்றன: போகலாம் என்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச்சேருவதில் தாமதம், சேர்ந்த இடத்தில் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். குழு முதலாவதைக் குறைக்கும். இரண்டாவதற்கு முன்கூட்டியே திட்டம் வேண்டும். எட்டாம் மாதக் கூட்டத்தில் ஒவ்வொரு கர்ப்பிணியும் சொல்லவேண்டியவை: எந்த வண்டி, ஓட்டுபவர் ராத்திரி போன் எடுப்பாரா, பணம் எங்கே இருக்கிறது, கணவர் இல்லாதபோது யார் கிளம்பச் சொல்வார், மூத்த பிள்ளைகள் யாரிடம். ஏக்ஜுட் குழுக்கள் சில இடங்களில் இதற்கென்றே பொதுநிதி வைத்தன.

மலையில் இருப்பவர்களுக்கு வண்டி மட்டும் போதாது, மழைக்காலத்தில் பாதையே இருக்காது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் காத்திருக்கும் விடுதி யோசியுங்கள். கியூபாவில் 1962இலேயே தொடங்கிவிட்டார்கள். ஆனால் அதில் சமையலுக்கு இடமும் கூட வரும் ஆளுக்கும் சின்னப் பிள்ளைக்கும் படுக்கையும் இல்லாவிட்டால் ஒருத்தியும் தங்கமாட்டாள்.

மூன்றாவது தாமதம் எங்கள் பக்கம். அதற்கு ஒரு வழி சொல்கிறேன். பரிந்துரைச் சீட்டை இரண்டு பாதியாக அடியுங்கள். ஒரு பாதியில் பணியாளர் பிபி, காரணம், நேரம் எழுதி அனுப்பட்டும். மறு பாதியில் நாங்கள் என்ன செய்தோம் என்று எழுதித் திருப்பி அனுப்பவேண்டும். திரும்பி வராத சீட்டுகளை மாதம் ஒரு முறை எண்ணி எங்கள் மேலதிகாரியிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். கொஞ்சம் கசப்பாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

#19 வரப்போரம்

சீட்டு யோசனையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன் டாக்டர். கடைசியாக ஒன்று. பிபி மெஷின் வாங்கப்போகிறோம். கடையில் எது கிடைக்கிறதோ அதை வாங்கலாமா? மருத்துவப் படிப்பில்லாத பணியாளர்களும் பயன்படுத்துவார்கள்.

#20 இரவுப்பணி

வாங்கக்கூடாது. தானியங்கி மெஷின்கள் பல, கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறியிருக்கும்போது உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். கர்ப்பிணிகளிடமும், குறிப்பாக முன்சூல்வலிப்பு (வலிப்பில் கொண்டுபோய்விடக்கூடிய கர்ப்பகால ரத்த அழுத்த நோய்) உள்ளவர்களிடமும் சோதித்துச் சான்று பெற்ற மெஷின்தானா என்று கேட்டு வாங்குங்கள். லண்டன் கிங்ஸ் கல்லூரியில் உருவாக்கிய கிரேடில் மெஷினில் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு எரியும், எண் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். மின்சாரம் இல்லாத இடத்துக்காகவே செய்தது. சிவப்பு எரிந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் முன்பே முடிவுசெய்து வையுங்கள்.

கையில் கட்டும் பட்டையின் அளவைக் கவனியுங்கள். பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் பிபி கூடுதலாகக் காட்டும், மெலிந்த கைக்குப் பெரிய பட்டை கட்டினால் குறைத்துக் காட்டும். குறைந்தது இரண்டு அளவு வாங்குங்கள். நடந்து வந்தவளை உடனே அளக்காதீர்கள். சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் படும்படி ஐந்து நிமிடம் உட்காரட்டும், பேச்சு வேண்டாம். கை நெஞ்சு உயரத்தில் இருக்கவேண்டும். 140/90 அல்லது அதற்கு மேல் வந்தால் கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். அப்போதும் அப்படியே என்றால் அன்றோ மறுநாளோ மருத்துவரிடம் போகவேண்டும். 160/110 என்றால் காத்திருக்கவேண்டாம், வண்டியை வரச்சொல்லிவிட்டு எனக்கு, அதாவது உங்கள் ஊர் டாக்டருக்கு, போன் போடுங்கள்.

#21 தாதியம்மா

அந்த ஐந்து நிமிடம் பேச்சு வேண்டாம் என்கிறார் டாக்டர், சரி. தனியாகக் கேட்கவேண்டியதைப் பட்டையைக் கழற்றிய பிறகு கேளுங்கள். கூட வந்தவர்களை அந்த நேரத்தில் அட்டையில் தேதி எழுத வெளியே மேசைக்கு அனுப்பிவிடலாம்.

#22 வரப்போரம்

மேசையை வெளியே போட்டுவிடுகிறேன். முதல் கூட்டம் முடிந்ததும் இங்கேயே எழுதுகிறேன். பழையவழி, பாட்டிமார்களை அழைப்பதற்கு யார் வழியாகப் போகலாம் என்று உங்களுக்குத் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.